பொய்ப்பூச்சித் தூண்டிலுக்கு எதைக் கட்டலாம்?

சாயங்காலம் குளத்தில் விழுகிற பூச்சியை விராலும் கெண்டையும் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு பூச்சியைத் தூண்டில் முள்ளில் கட்டிவிட்டால் மண்புழுவுக்கு அலைய வேண்டாம். சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கு.

மிதக்கிற பூச்சிக்குப் பருத்திப் பஞ்சு ஆகாது. நான் முதலில் விளக்குத் திரியைச் சுற்றிக் கட்டினேன். நாலு வீச்சில் தண்ணீரைக் குடித்துக் கல்லாட்டம் இறங்கிவிட்டது. இலவம்பஞ்சு அப்படியில்லை. அதன் இழை குழாய்போல் உள்ளே வெற்றாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருப்பதால் லேசில் நனையாது. தலையணையிலிருந்து ஒரு சிட்டிகை போதும்; வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டுப் பிரியுங்கள்! தேய்ந்த ரப்பர் செருப்பில் நறுக்கிய துண்டும் மிதக்கும்.

இறகுக்குச் சேவலின் கழுத்து இறகுதான். விறைப்பாக நின்று தண்ணீர்மேல் காலூன்றும். பெட்டைக்கோழி இறகு துவளும்; அது முங்குகிற பூச்சிக்குச் சரி. உடம்புக்கு மயில்தோகை இழை நன்றாக மினுக்கும். தானாக உதிர்ந்ததை மட்டும் பொறுக்குங்கள். மயிலைப் பிடித்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் பாயும்.

முதலில் வெறும் முள்ளில் தையல்நூலை நெருக்கிச் சுற்றி, அதன்மேல் மற்றதைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் வழுக்கி, முதல் மீனே உருவிக்கொண்டு போய்விடும். முடிச்சின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். ஒடிந்த முள்ளை வரப்பில் போடாதீர்கள், மாட்டுக் காலில் ஏறிவிடும்.