எட்டும் இரண்டும்

ஒன்றும் தெரியாதவனை ‘எட்டும் இரண்டும் அறியாதவன்’ என்பது நம் வழக்கு. பழைய தமிழ் எண்களில் எட்டை ‘அ’ என்றும் இரண்டை ‘உ’ என்றும் எழுதினார்கள். அதை வைத்துச் சித்தர் மரபு எவ்வளவோ தத்துவம் பேசியது. நான் பேச வந்தது தத்துவம் இல்லை, பைக் லைசென்ஸைப் புதுப்பிப்பது. ஆனாலும் அந்த வழக்குச் சொல் எனக்கு வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் வாங்குவதற்கு நம் ஊரில் ‘எட்டு போடுவது’ என்றே பெயர். கால் தரையில் படாமல் எட்டு போட்டுவிட்டால் அவர் வண்டி ஓட்டத் தெரிந்தவர். அந்த எட்டு எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லும் இரண்டு, முகத்தில் இருக்கும் இரண்டு கண்கள். எட்டைப் பெரும்பாலும் ஆயுளில் ஒரு முறை போட்டால் போதும். இரண்டையும் அவ்வப்போது கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கென்று சட்டம் குறித்துக் கொடுத்த நாள்தான் உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள். அதை நாம் வெறும் காகித வேலையாக்கிவிட்டோம் என்பதே என் வழக்கு.

அந்த நாள் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி 30 வயதுக்குள் உரிமம் பெற்றவருக்கு 40 வயது வரை அது செல்லும். 30-க்கும் 50-க்கும் இடையில் என்றால் பத்து ஆண்டு. 50-க்கும் 55-க்கும் இடையில் என்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. ஆக, 18 வயதில் எட்டு போட்ட பையனைச் சட்டம் மறுபடி கூப்பிடுவது அவனுடைய 40-ஆவது வயதில். இடையில் 22 ஆண்டுகள்! பிறகு 50, பிறகு 60. உழைக்கிற காலம் முழுவதிலும் மூன்றே மூன்று முறை. அவன் ஓட்டுகிற வண்டியின் கதை வேறு. புகைச் சான்று ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும். 15 ஆண்டு ஆனதும் பதிவைப் புதுப்பிக்க ஆய்வாளர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும், அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டுகிற தோழர்களைக் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சான்றோடு அவர்கள் போய் நிற்கிறார்கள். வண்டியின் புகைக்குக் கிடைக்கிற கவனம் பைக் ஓட்டுபவரின் பார்வைக்குக் கிடைப்பதில்லை.

சரி, அந்த நாளில் சட்டம் என்ன கேட்கிறது? படிவம் 1 என்று ஓர் உறுதிமொழித் தாள். வலிப்பு உண்டா, திடீரென்று மயக்கமோ தலைசுற்றலோ வருமா, கை கால் இயக்கத்தில் குறை உண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, சாதாரண ஒலி காதில் விழுகிறதா என்று கேட்கிறது. எல்லாவற்றிலும் அழகான கேள்வி ஒன்று உண்டு: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் எண் பலகையை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிகிறதா? நாற்பதைக் கடந்தவரென்றால் மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1-ஏ-யும் சேர்ந்துகொள்ளும். 25 மீட்டர் என்பது எதற்கு? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் ஓடுகிறது. 25 மீட்டர் இரண்டேகால் விநாடியில் தீர்ந்துபோகும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். நாம் கூடியிருக்கும் இந்தக் கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டினால் ஏற்காட்டு மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே பனிமூட்டம், எதிரே இறங்கி வரும் பேருந்து. மற்ற ஊர்க்காரருக்கு அந்த 25 மீட்டர் படிவத்தில் வரும் ஓர் எண்ணாக இருக்கலாம். அடிவாரத்துக்காரருக்கு அது உயிர் நிற்கிற தூரம்.

‘இருபது வருஷமாக ஓட்டுகிறேன், என்னைப் போய்ச் சோதிப்பதா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் அனுபவம் கைக்கு ஏறுகிறபோதே கண்ணுக்கு வயதும் ஏறுகிறது. நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வருகிறது. கையிலிருக்கும் செய்தித்தாள் காட்டிக்கொடுத்துவிடுவதால் அதை உடனே கண்டுபிடிக்கிறோம். தூரப்பார்வை குறைவதைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. நேற்றுத் தெரிந்த பனைமரம் இன்று கொஞ்சம் மங்கல் என்றால் நேற்றையதோடு ஒப்பிட நம்மிடம் ஒன்றும் இல்லை. கண்புரை மெதுவாகப் படர்கிறது. சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. அனுபவசாலிக்குத்தான் ஆபத்து கூடுதல். பாதை மனப்பாடம் என்பதால் கண் மங்குவதை மனம் ஈடுகட்டிக்கொண்டே போகும், மனப்பாடத்தில் இல்லாத ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிற வரைக்கும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. ‘விபத்துக்குக் காரணம் வேகம், குடி, குண்டும் குழியுமான சாலை, கண்ணை ஏன் பிடிக்கிறீர்கள்?’ என்பது. வேகம்தான் முதல் காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது, மறுக்கவில்லை. அதே அறிக்கையின்படி 2022-இல் நாடு முழுவதும் சாலையில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு எந்த மாநிலத்தையும் விட அதிக விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில், 64,105. விபத்து நடந்த இடத்தில் டயர் தடத்தை அளக்கலாம், குடித்திருந்தாரா என்று ஊதச் சொல்லிப் பார்க்கலாம். ஓட்டியவருக்கு எத்தனை மீட்டர் தூரம் தெரிந்தது என்பதை எதைக் கொண்டு அளப்பது? காரணப் பட்டியலில் கண் இல்லாததால் சாலையிலும் கண்ணுக்குப் பங்கில்லை என்று முடிவுகட்ட முடியாது. வேகம் என்பதே பார்வையோடு சேர்ந்த கணக்கு. 50 மீட்டர் தெரிபவருக்கு நிதானமான வேகம், 20 மீட்டர் தெரிபவருக்கு அதிவேகம்.

மூன்றாவது மறுப்பு வயிற்றிலிருந்து வருவது. பால் ஊற்றுபவரும், தறிக்குப் போகிறவரும், கொலுசுப் பட்டறைத் தொழிலாளியும் வண்டியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். உண்மையைச் சொல்லி உரிமம் போய்விட்டால்? இந்த அச்சம் நியாயமானது. ஆனால் படிவம் 1-ஏ-யைக் கூர்ந்து படியுங்கள். பார்வைக் குறை இருந்தால் கண்ணாடியால் சரியாகிறதா என்றுதான் மருத்துவரிடம் கேட்கிறது. கண்ணாடி போட்டுப் பார்வை சரியானவருக்கு உரிமம் உண்டு. கண்புரைக்கு அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் அறுவை சிகிச்சை உண்டு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பிழைப்பைக் கெடுப்பது சோதனையா, சோதிக்காமல் விட்ட கண்ணா? ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை.

தேதியை மறப்பதும் பிழைப்பைத்தான் அடிக்கும். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் உரிமம் செல்லும். 2019 திருத்தம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி எட்டு போட வேண்டும். உரிமம் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. வண்டிக்குச் சொந்தக்காரர் தானே ஓட்டும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு, செல்லுபடியாகும் உரிமம் அவரிடம் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பீரோவில் மறந்து கிடந்த ஓர் அட்டை பிள்ளைகளின் சோற்றில் கைவைக்கும். இனி, ‘யார் பார்க்கப் போகிறார்கள், ஒரு கையெழுத்துதானே’ என்று சான்று வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். பொய் சொல்லிப் பெற்ற உரிமத்தை ரத்து செய்ய சட்டத்தின் 19-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். படிவத்தை ஏமாற்றலாம், அலுவலகத்தை ஏமாற்றலாம், பதினெட்டாவது வளைவை ஏமாற்ற முடியுமா?

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஜப்பானில் உரிமத்தைப் புதுப்பிப்பவர் கண் பரிசோதனையோடு வகுப்பிலும் உட்கார வேண்டும். ஒழுங்காக ஓட்டியவருக்கு அரை மணி நேரம், விதியை மீறியவருக்கு இரண்டு மணி நேரம். இங்கே விண்ணப்பம் இணையத்துக்கு வந்து அலைச்சல் குறைந்தது நல்லது. ஆனால் அலைச்சலோடு சேர்த்துச் சோதனையையும் வழியனுப்பிவிடக் கூடாது. 22 ஆண்டு இடைவெளிக்குள் ஒரு முறையாவது பைக் ஓட்டுபவரின் பார்வையைப் பார்க்க வழி செய்யுங்கள் என்று கேட்போம்.

அது வருகிறபோது வரட்டும். ஆயுத பூஜைக்கு நாம் யார் சொல்லியும் காத்திருப்பதில்லை. வண்டியைக் கழுவுகிறோம், சந்தனம் குங்குமம் வைக்கிறோம், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். இந்த ஆண்டு அதோடு ஒரு சின்ன வேலை. தெருவில் நிற்கும் ஒரு காரிலிருந்து முப்பத்து மூன்று எட்டு எடுத்து வையுங்கள். ஏறக்குறைய 25 மீட்டர் வரும். ஒரு கண்ணைப் பொத்தி எண்ணைப் படியுங்கள், பிறகு மறு கண்ணால். சொந்தக் கார் வேண்டாம், அந்த எண் மனப்பாடமாக இருக்கும். அடுத்த வீட்டுக்காரருடையதைப் படியுங்கள். படிக்க முடிந்தால் படிவத்தில் உண்மையாகக் கையெழுத்திடலாம். முடியாவிட்டால் முதலில் கண் மருத்துவர், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ். எட்டும் இரண்டும் அறிந்தவர் என்று அப்போது நம்மை நாமே சொல்லிக்கொள்ளலாம்.