வயிற்றுப் பிள்ளையும் தகப்பன் கடமையும்



கலியாணமாகாத ஒரு பெண் கர்ப்பமானால், அந்தக் கர்ப்பத்திற்குக் காரணமான ஆணுக்கு வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மேல் என்ன பாத்தியதை, என்ன பொறுப்பு என்பதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகின்றோம். இதைப் பொதுக்கூட்டத்தில் பேசலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பேசாமல் மூடி வைத்ததினால்தான் பெண்கள் கிணற்றில் விழுந்தார்கள். பிள்ளைகள் குப்பைமேட்டில் கிடந்தன. தகப்பன் மாத்திரம் மேளதாளத்தோடு வேறு கலியாணம் செய்துகொண்டான்.

முதலில் பாத்தியதையைப் பார்ப்போம். கர்ப்பத்தை வைத்துக்கொள்வதா, கலைப்பதா என்பதில் ஆணுக்கு நமது நாட்டுச் சட்டம் யாதொரு அதிகாரமும் கொடுக்கவில்லை. 1971-ஆம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டப்படி, வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு, கலியாணமாகாதவள் என்பதற்காக ஒரு பெண்ணுக்குக் குறைந்த உரிமை கூடாது என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சுமக்கிறவள் அவள், ஆகவே தீர்மானமும் அவளுடையதே. இதில் என்ன அநியாயம் இருக்கின்றது?

பிறந்த பிறகும், 1956-ஆம் வருஷத்து இந்து கார்டியன் சட்டப்படி இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாயே முதல் கார்டியன். அவளுக்குப் பிறகுதான் தகப்பன். ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில், தகப்பனுக்கு நோட்டீஸ் கொடுக்காமலே அவளைக் கார்டியனாக நியமிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2015-இல் சொல்லியிருக்கின்றது.

நிற்க, பொறுப்பு என்ன? பிள்ளை பிறந்துவிட்டால், தகப்பன் கலியாணம் செய்யவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 488-ஆவது பிரிவு, 1973-ஆம் வருஷத்தின் 125-ஆவது பிரிவு, இப்பொழுது நடக்கும் 2023-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு ஆகிய எல்லாம், வசதியுள்ள தகப்பன் முறையாய்ப் பிறந்த பிள்ளைக்கும் அப்படிப் பிறவாத பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கொடுத்தே தீர வேண்டும் என்கின்றன. "என் பிள்ளையல்ல" என்று அவன் சாதித்தால், தகுந்த முகாந்திரமிருந்தால் கோர்ட்டு மரபணுச் சோதனைக்கு உத்தரவிடலாம்.

ஆனால் பிறப்பதற்கு முன்னிருக்கும் பத்து மாதம்? அப்பிரிவில் மனைவி உண்டு, பிள்ளை உண்டு, தாய் தகப்பன் உண்டு. கலியாணமாகாத கர்ப்பிணியைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. புருஷன் மனைவிபோல ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். அப்படி வாழாதவள் வைத்தியச் செலவுக்கு யாரிடம் போவாள்?

சட்டத்திற்கு வயிற்றுப் பிள்ளை கண்ணில் படாமலில்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, தகப்பன் சாகும்போது வயிற்றிலிருந்து பின்னால் உயிரோடு பிறக்கும் பிள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டென்கிறது. ஆனால் அதே சட்டம், கலியாணமின்றிப் பிறந்த பிள்ளைக்குத் தாய் மாத்திரமே சொந்தம் என்கிறது! சொத்தென்றால் கருவும் வாரிசு. சோறென்றால் கருவுக்குக் கணக்கில்லை. இது என்ன நியாயம்? ஒரே மாதிரி உண்டான பிள்ளைகளில் ஒன்று முறை, மற்றொன்று முறையற்றது என்றால், குற்றம் செய்தது அந்தப் பிள்ளையா?

இந்தப் பட்டம் எவ்வளவு பொய்யானது என்பது நமக்குத் தெரியாததல்ல. புரோகிதரில்லாமல், சடங்கில்லாமல் ஊரறியச் செய்த கலியாணம்கூடச் செல்லாதென்று 1953-இல் சென்னை ஹைக்கோர்ட்டு சொல்லிற்று. 1967-இல் சட்டம் செய்த பிறகு, முன் நடந்த கலியாணங்களும் செல்லுபடியாயின. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்; மாறியது காகிதம்!

ஆகவே வாலிபத் தோழர்களே! சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். அவள் தீர்மானத்திற்குக் கட்டுப்படுங்கள். அவள் பெறுவதென்றால், முதல் மாதத்திலிருந்தே வைத்தியச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் சம்மதித்தால் பிறப்புப் பதிவில் உங்கள் பெயரைக் கொடுங்கள். சுயார்ஜித சொத்திருந்தால் உயில் எழுதி வையுங்கள். இவைகளைச் செய்யாமல் "எனக்கென்ன பாத்தியதை" என்று கேட்பவனுக்கு நாம் சொல்லும் பதில், தகப்பன் பட்டம் கடமையில் ஆரம்பிக்கின்றது என்பதுதான்.