ரன்னிங் போர்டைத் தட்டிப் பாருங்கள்



கடலோர ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழக்கம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையின் சீலிங்கில் முதலில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடும். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் லேசாக உப்பித் தொங்கும். ஒரு நாள் ராத்திரி காரை பொத்தென்று பெயர்ந்து விழும். நிமிர்ந்து பார்த்தால் பழுப்பேறிய கம்பி தெரியும். கான்கிரீட்டை உடைத்தது அந்தக் கம்பிதான். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. அதற்கு இடம் வேண்டும். இல்லையென்றால் தன்னைச் சுற்றியிருப்பதைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

பழைய காரில் நடப்பதும் இதுதான். கதவின் அடி ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால், பெயின்ட் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தகடு உள்பக்கத்திலிருந்து அரித்து, கடைசியாகத்தான் பெயின்டைத் தள்ளியிருக்கிறது. கண்ணுக்கு மிளகு தெரிந்தால் உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்குத் துரு ஓடியிருக்கும். காரின் வெளித் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்கு மேல் கம்பெனியில் பூசும் பெயின்ட், எல்லாப் பூச்சும் சேர்த்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அவ்வளவுதான் பாதுகாப்பு.

இதை நான் காசு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் வாங்கிய முதல் கார் பழைய கார். ஒன்பது வருஷம் ஓடிய வெள்ளைக் கார். சென்னையில் கடலைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றில் நின்றிருந்தது. ஒரே ஓனர், நாற்பத்தாறாயிரம் கிலோமீட்டர், எஞ்சின் சத்தமே இல்லை, சீட் கவர் புதுசு. கூட வந்த மைத்துனர் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தார், நான் ஏ.சி. போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருமே தரையில் முட்டி போட்டுக் கீழே பார்க்கவில்லை. தினமும் காலையில் வாட்ச்மேன் வண்டியைக் கழுவிவிடுவார் என்று ஓனர் பெருமையாகச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். அங்கே போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாலு மாதம் கழித்து, கதவில் ஒரு நசுங்கலை எடுக்க டிங்கர் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் கதவைத் திறந்தார். நாம் கால் வைத்து ஏறும் இடத்துக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் நீளமாக ஓடும் பெட்டிதான் ரன்னிங் போர்டு. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் அதை வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங் என்று வந்த சத்தம், பின் கதவுக்குப் பக்கத்தில் பொத், பொத் என்று மாறியது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இங்க தகடு இல்ல. பட்டிதான் இருக்கு" என்றார். கத்தியால் சுரண்டியதும் பெயின்டோடு பட்டி பாளம் பாளமாகக் கழன்று வந்தது. உள்ளே கையை விட்டு அள்ளினார். வறுத்த வெங்காயத் தோல் மாதிரி, அடுக்கடுக்காய்ப் பழுப்புத் துரு. அது என் காரின் எலும்பு. "வாங்கறதுக்கு முன்னால ஒரு தடவை கொண்டாந்து காட்டியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அதைச் சரிசெய்ய நான் கொடுத்தது, வண்டி விலையில் கால் பங்கு.

உப்புக் காற்றுக்கு அப்படி என்ன வேகம்? இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். அந்த ஈரத்தில் உப்பு கலந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அரிப்பு அந்த மின்னோட்டத்தில்தான் நடக்கிறது. போதாததற்கு உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. தகடு காயவே காயாது. இதை ஆராய்வதற்கென்றே நம் ஊரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபத்தில், உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து, எவ்வளவு அரிக்கிறது என்று அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தது. 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. பெயின்ட் அடித்துப் பராமரித்த பாலத்தையே அந்தக் காற்று தளர்த்திவிட்டது என்றால், ஒரு மில்லிமீட்டர் தகடு எம்மாத்திரம்?

ஆகவே வண்டி எங்கே வாழ்ந்தது என்பதை முதலில் கேளுங்கள். நம்பர் பிளேட்டில் 69 என்றால் தூத்துக்குடி, 65 என்றால் ராமநாதபுரம், 51 என்றால் நாகப்பட்டினம், 74 என்றால் நாகர்கோவில். ஆனால் பதிவான ஊர் ஒன்று, வண்டி நின்ற ஊர் இன்னொன்றாக இருக்கலாம். கோயம்புத்தூர் நம்பர் வண்டி பத்து வருஷம் எண்ணூரில் நின்றிருக்கலாம். "ராத்திரியில் வண்டி எங்கே நிற்கும், எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள்?" இந்த இரண்டு கேள்வியையும் நேராகவே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, தண்ணீர் தங்கும் இடங்களைத் தேடுங்கள். மேல் பக்கம் பளபளவென்று இருப்பது பாலிஷ் வேலை. அதைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கதவைத் திறந்து அடி ஓரத்தில் விரலை ஓட்டினால் சின்னச் சின்னத் துளைகள் தட்டுப்படும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. மண்ணும் தூசியும் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் நிற்கும். பானெட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் வேப்பிலையும் சருகும் மக்கி, ஈரமாக அங்கே உட்கார்ந்திருக்கும். பேட்டரி உட்காரும் தட்டில் ஆசிட் கசிந்து அரித்திருக்கிறதா என்று பாருங்கள். டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியில் டார்ச் அடியுங்கள். பின் விளக்கின் ரப்பர் கெட்டிருந்தால் மழை அங்கேதான் போய்ச் சேரும். மீன் கூடை ஏற்றிய வண்டியும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ஏ.சி. வேலை செய்யும்போது உண்டாகும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் கீழே சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே, தரை விரிப்புக்கு அடியில் வடியும். நம் வெயிலுக்கு வருஷத்தில் பெரும்பாலான நாள் ஏ.சி. ஓடுகிறது. விரிப்பைத் தூக்கி உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். ஈரம், அல்லது ஊறின சாக்கு வாசனை வந்தால், அடியில் ஃப்ளோர் தகடு என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்காமல் பேச்சை நகர்த்தாதீர்கள்.

பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதும். கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றி, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் ஓரத்திலும் கதவின் அடியிலும் ரன்னிங் போர்டிலும் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் சட்டென்று ஒட்டும். கனமாகப் பட்டி இருந்தால் நழுவும். பம்பர் பிளாஸ்டிக், அதில் ஒட்டாது. சில வண்டிகளில் வேறு சில பாகங்களும் பிளாஸ்டிக்கோ அலுமினியமோ ஆக இருக்கும். சந்தேகம் வந்தால் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டி, மறு பக்கம் நழுவினால் விஷயம் தெளிவு.

இனி முக்கியமான ஒன்று. எல்லாத் துருவும் ஒன்றல்ல. மழை பெய்த மறுநாள் காலையில் பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்பாகப் படிந்திருப்பது, நாலு தடவை பிரேக் அடித்தால் போய்விடும். சைலன்சரின் மேல் படிந்த துருவும் சகஜம். ஓட்டை விழாதவரை கவலை வேண்டாம். பானெட், கதவு, முன் ஃபென்டர் இவையெல்லாம் போல்ட்டில் மாட்டியவை. துருப்பிடித்தாலும் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறையுங்கள், வாங்குங்கள்.

ரன்னிங் போர்டு, ஃப்ளோர், பில்லர், சஸ்பென்ஷன் வந்து சேரும் இடங்கள் இவை வேறு கதை. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சேஸிஸ் சட்டம் கிடையாது. தகடுகளை வெல்டிங் வைத்து ஒட்டிய அந்த உடம்பேதான் சட்டம். பக்கவாட்டில் லாரி மோதினால் உள்ளே இருப்பவருக்கும் லாரிக்கும் நடுவில் நிற்பது ரன்னிங் போர்டும் பில்லரும்தான். அதில் தகடு போய்ப் பட்டி மட்டும் இருந்தால் நம் பிள்ளைகளைப் பின் சீட்டில் எதை நம்பி உட்காரவைப்பது? இந்த இடங்களில் கை வைத்தால் உதிர்கிற அளவுக்குத் துரு கண்டால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய் துருவேறிச் செதில் விட்டிருந்தால், அதை மாற்றாமல் அந்த வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அதே மாதம் தென் மாவட்டங்களில் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அப்போது மூழ்கிய கார்களில் பலவற்றைக் கழுவி, காயவைத்து, ஷாம்பு போட்டு மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவற்றில் துரு வெளித் தகட்டில் இருக்காது, உள்ளே இருக்கும். சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தையும் போல்ட் தலைகளையும் பாருங்கள். டார்ச்சை டாஷ்போர்டுக்குக் கீழே காட்டி, கிளட்ச் பெடலின் தண்டைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், சேற்றுக் கோடு அதில் அப்படியே நிற்கும். மழையில் நனையாத இந்த இடங்களில் துருவோ சேறோ இருந்தால் வண்டிக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது.

காகிதத்திலும் ஒரு தடயம் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் இருக்கும். கிளெய்ம் எடுக்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தில் நிற்கும். வெள்ளத்துக்கு மறுவருஷ பாலிசியில் அது பூஜ்யமாகியிருந்தால், எதற்குக் கிளெய்ம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். கையோடு, சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அது பொறித்த தகடு அரித்து எண் மறைந்திருந்தால், பிறகு பேர் மாற்றும்போதும் எஃப்.சி.யின்போதும் அலைய வேண்டிவரும்.

கடைசியாக ஒன்று. கீழே குனிந்து பார்க்கும்போது அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். சுத்தமான தகட்டின் மேல் பூசினால் அது பாதுகாப்பு. துருவின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாமல் அரிப்பு தொடரும். பத்து வருஷ வண்டிக்கு, விற்பதற்கு முந்தைய வாரத்தில் யார் அக்கறையோடு அடிப்பூச்சு பூசுகிறார்கள்?

வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போகும் நேயர்களே, வெயில் இருக்கும்போதே போங்கள். பையில் ஒரு டார்ச், ஒரு காந்தம், உட்கார்ந்து பார்க்கப் பழைய துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், உங்களுக்குத் தெரிந்த ஒரு டிங்கரிடமோ மெக்கானிக்கிடமோ கூட்டிப்போய், ரேம்ப்பில் ஏற்றிக் கீழே காட்டச் சொல்லுங்கள். அவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுங்கள். ரேம்ப்பில் ஏற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்த வண்டியை வாங்காதீர்கள்.