விதை பொய்த்தால் கேட்க யாருக்கு உரிமை?

போன ஆடிப்பட்டத்திலே எங்கள் வட்டாரத்தில் குத்தகை விவசாயி ஒருவர் இரண்டு ஏக்கரில் வெண்டை போட்டார். பாதி விதைகூட முளைக்கவில்லை. கடையிலே போய்க் கேட்டார். "பில்லு நிலத்துக்காரர் பேரிலே இருக்கு. நீர் யாருய்யா கேக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டார்கள். இவரும் பேசாமல் திரும்பிவிட்டார்.

கடைக்காரர் சொன்னதிலும் ஒரு பொது விதி இருக்கிறது. ஒப்பந்தம் என்றால், அதைச் செய்துகொண்ட இருவர்தான் ஒருவர் மேல் ஒருவர் வழக்காடலாம். அடுத்த வீட்டுக் கொடுக்கல் வாங்கலில் நாம் போய் நிற்க முடியுமா? அது போலத்தான்.

ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த வாசலை அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பொருளை உபயோகிப்பவரும் நுகர்வோர்தான். வாங்கியவர் காலமாகிவிட்டால் வாரிசு கேட்கலாம். பல பேருக்கு ஒரே குறை என்றால், ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லோருக்காகவும் சிலர் வழக்குப் போடலாம்.

"விவசாயம் வியாபாரமாச்சே, நீங்கள் எப்படி நுகர்வோர்?" என்றும் சிலர் மடக்குவார்கள். தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட ஆந்திர விவசாயிகள் வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது: விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே. வாங்கின விதையை எல்லாம் விதைத்துவிடுகிற விவசாயி, பரிசோதனைக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

ரசீது இல்லாமல் விதை வாங்காதீர்கள். ரகம், குவியல் எண் இரண்டும் அதில் இருக்கட்டும். கூடியமட்டும் பயிர் செய்கிறவர் பேரிலேயே ரசீது போடச் சொல்லுங்கள். வேறு ஒருவர் வாங்கித் தந்தால், "என் சம்மதத்தோடு இவர் விதைத்தார்" என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். காலிப் பையையும் விவர அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முளைப்பு சரியில்லையா? வயலை அழித்து உழுவதற்கு முன்னால் வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதிகாரிகளை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆய்வு அறிக்கைதான் உங்களுக்குப் பெரிய சாட்சி.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அந்த வெண்டை விவசாயி நல்லவேளையாகப் பையைப் பத்திரமாக வைத்திருக்கிறார். 2 ஆண்டுக் கெடுவும் தாண்டவில்லை. நிலத்துக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இனி "நீர் யார்?" என்று கேட்டால், "விதைச்சவன்" என்று அவர் தாராளமாகச் சொல்லலாம்.