கடன் அட்டையும் பாடநூல்தான்

தோழர்களே, உயர்நிலைப் பள்ளிகளில் நிதிக் கல்வி வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் தஞ்சையில் அந்தப் பாடத்தைச் "சிக்கனமாக இரு, சேமித்து வை" என்று தொடங்கினால், சேரிப் பிள்ளையிடம் "உன் அப்பன் ஊதாரி" என்று சொன்னதாகிவிடும்.

இந்த மண்ணில் கடன்தான் சாதி கட்டிய கயிறு. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குப் பண்ணையாள் ஆயுள் முழுக்க உழைத்தார். அவர் பிள்ளை பண்ணை மாடு மேய்த்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, அதுவும் செங்கொடிச் சங்கம் போராடியதால். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரும் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்கள் எதை எடுத்து உண்டியலில் போட்டிருப்பார்கள்?

இன்று பண்ணையார் வாசலுக்குப் பதில் மகளிர் குழுக் கடன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கு தெரியும், அம்மாவின் கடன் அட்டை புரியாது. பெயரை மறைத்து ஓர் அட்டையைப் பலகையில் எழுதுங்கள். பத்தாயிரம் ரூபாய், நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி, 12 தவணை, தவணைக்கு 1,033 ரூபாய். அசல் மாதாமாதம் குறைகிறது. வட்டி மட்டும் கடைசிவரை முழுப் பத்தாயிரத்துக்கும் ஓடுகிறது. 24 விழுக்காடு என்றது உண்மையில் 40ஐத் தாண்டும்!

நுண்கடன் தவணைகள் உட்பட எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்கு அழைத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதித்ததையும் சொல்லுங்கள். கொத்தடிமைக் கடன் 1976 சட்டப்படி செல்லாது என்பதையும்.