ஒரு நத்தார் இரவு



யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான வேலணைத் தீவிலே சுருவில் என்றொரு கிராமம் உண்டு. ஒருபுறம் கடல், மறுபுறம் பனங்கூடல், இடையிலே மாரிக்கு மட்டும் பச்சை பிடிக்கும் வயல். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் என்று எவரும் சொல்வதில்லை. நத்தார் என்போம். நடுச்சாமப் பூசை முடிந்து, அரிக்கன் லாம்புடன் ஒழுங்கையால் திரும்பி வரும்போது, சில வருடங்களில் திருவெம்பாவைக்குச் சங்கூதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு சைவக்காரப் பிள்ளைகள் எதிரே வருவார்கள். இரண்டு கூட்டமும் ஒழுங்கையின் இரு பக்கமாய் ஒதுங்கி வழிவிடும். 'ஆச்சி, பலகாரம் சுட்டாச்சோ?' என்று அவர்களில் ஒருவன் கேட்பான். 'விடியட்டும், வா' என்பார் என் பேத்தியார்.

நத்தார் என்ற அந்தச் சொல்லைப் பற்றி நான் வெகுகாலம் யோசித்ததில்லை. பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' என்ற போர்த்துக்கேயச் சொல்லே நம் வாயில் நத்தார் ஆயிற்று. கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் வந்த கப்பலில்தான் அதுவும் வந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசை விழுத்திய போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போனார்கள். ஆண்டவர்கள் போனார்கள், சொல் நின்றுவிட்டது. அந்தச் சொல்லை நம்பியிருந்த சனமும் நின்றுவிட்டது.

ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே. ஆனால் கத்தோலிக்கக் குருமாரை அவர்கள் தங்கள் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் வைத்திருக்க விடவில்லை. பூசை தடை, குருவுக்கு இடங்கொடுப்பது குற்றம். ஏறக்குறைய முப்பது வருடம் மேய்ப்பன் இல்லாத மந்தையாய் அந்தச் சனம் கிடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், கிழவர்கள் இறந்தார்கள், நத்தார் வந்து போயிற்று. பூசை வைக்க ஆளில்லை.

இந்த நிலையிலேதான் 1687இல் ஒருவர் கடல் கடந்து வருகிறார். அவர் பெயர் யோசப் வாஸ். 1651இல் கோவாவின் பெனோலிம் என்ற ஊரில் பிறந்தவர். கொங்கணி பேசும் இந்தியர், ஐரோப்பியர் அல்லர். தூத்துக்குடியில் நின்று தமிழ் படித்தார். பின்பு கூலியாளைப் போல் வேடம் பூண்டு வள்ளம் ஏறினார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் வயிற்றுளைச்சலால் சாகக் கிடந்தார். தெருவில் கிடந்த அந்தப் பரதேசியைத் தூக்கி எடுத்துக் கஞ்சி வார்த்தது நம் சனம். எழுந்து நடக்க இயன்றதும், கழுத்திலே செபமாலையைத் தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறது என்று பார்த்தே தம்முடையவர்களைக் கண்டுபிடித்தார்.

அவருக்கு இடங்கொடுத்த ஊர், பண்டத்தரிப்புக்கு அருகேயுள்ள சில்லாலை. பகலில் ஒளித்திருப்பார், இரவில் ஊர் ஊராய்ப் போவார். பிறந்த ஊரையும் உறவையும் விட்டு வந்தவருக்கு, மொழி புதிய இந்த மண்ணிலே, தாய்வீட்டில் கேட்ட அதே சொல் நத்தார் என்று காதில் விழுந்திருக்கும். அந்நியத்தில் இருக்கிறவனுக்கு ஒரு சொல் எவ்வளவு பெரிய துணை என்பது, ஊரை விட்டு ஓடியவர்களுக்குத் தெரியும்.

1690ஆம் ஆண்டையொட்டிய ஒரு நத்தார் இரவு. வீடுகளுக்குள் மறைவாகப் பீடம் சோடித்துச் சனம் கூடியிருந்தது. ஒல்லாந்தரின் சிப்பாய்கள் வந்து வளைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அவர்களிற் சிலர் அடிபட்டும், கோட்டையில் விலங்குடன் வேலை செய்தும் மாண்டுபோயினர். யோசப் வாஸ் பிடிபடவில்லை.

நேயர்களே, இந்தக் கடைசி வசனத்தைத்தான் நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சேவை செய்யவென்று வந்தவர் தப்பினார். அவருக்குக் கஞ்சி வார்த்தவர்கள் செத்தார்கள். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? மறைபரப்ப வருகிறவர் கொடுப்பவர் என்றும், ஊரார் வாங்குபவர் என்றும் நாங்கள் எண்ணுகிறோம். அந்த இரவில் கொடுத்தவர்கள் யார்?

அவர் கோவாவுக்குத் திரும்பி ஓடவில்லை. புத்தளம் போனார். 1692இல் கண்டிக்குப் போனார். அங்கே ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். சிறைக்குள்ளேயே ஒரு குடிசைக் கோவில் கட்டினார். சிங்களம் படித்தார். பின்னர் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குச் சுதந்திரம் அளித்தான். கிறிஸ்தவர் துரத்திய கிறிஸ்தவக் குருவைப் பௌத்த அரசன் காத்தான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டு ஓடினார்கள். அவர் போய்த் தண்ணீர் கொடுத்தார், புண் கழுவினார், செத்தவர்களைப் புதைத்தார். எந்தச் சமயம் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சில்லாலையின் கடனை அவர் கண்டியில் அடைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1990 ஆகஸ்டில் தீவுப்பகுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்க, நாங்கள் ஊரை விட்டோம். அலைந்து திரிந்து, கடைசியில் வள்ளம் ஏறி இராமநாதபுரக் கரையில் ஒரு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். யோசப் வாஸ் வந்த கடலால் நாங்கள் திரும்பிப் போனோம். ஊரில் மறைக்கல்வி படிப்பித்தவன் என்பதால், முகாமிலும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பணி என்னிடம் வந்தது.

அந்த வருட நத்தாருக்குப் பிள்ளைகளுக்கென்று 27 சோடி உடுப்பு வந்தது. பெயர்ப் பட்டியல் எழுதினேன். 'வேதக்காரப் பிள்ளைகள்' என்று தலைப்பும் போட்டேன். அப்படிப் பிரிக்கச் சொல்லி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பிரித்தவன் நான்தான். கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஆறு வயதுப் பையன் வாசலில் வந்து நின்றான். சைவக்காரப் பிள்ளை, எங்கள் தீவுதான்.

'மாஸ்டர், எனக்கு?'

'உன்ர பேர் இதில இல்லை அப்பன். இது வேதக்காரப் பிள்ளையளுக்கு.'

அவன் அழவில்லை. பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

அன்றிரவு மழை. மின்சாரம் நின்றுவிட்டது. பனையோலையால் கட்டிய பாலன் குடில் இருட்டில் கிடந்தது. பிள்ளைகள் பாடத் தொடங்கமாட்டாமல் நின்றார்கள். அப்போது முந்தானையால் மழைக்கு மறைத்தபடி ஒரு பெண் அரிக்கன் லாம்பு கொண்டு வந்தாள். அந்தப் பையனின் தாய்.

'மாஸ்டர், பாலன் பிறக்கேக்க இருட்டாய் இருக்கக்கூடாது. பிடியுங்கோ. முடிஞ்ச கையோடை தந்துவிடுங்கோ, இவன் இருட்டில நித்திரை கொள்ளமாட்டான்.'

அவர்களிடம் இருந்தது அந்த ஒரு லாம்புதான். நாங்கள் பாடி முடிக்கும் வரை அவன் இருட்டில் விழித்திருந்தான். லாம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, 'வடிவாய்ப் பாடினீங்கள் மாஸ்டர்' என்று பாயில் கிடந்தபடியே சொன்னான். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கொடுக்க உடுப்பும் இருக்கவில்லை, 27ம் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் பட்டியல் எழுதும்போது தலைப்புப் போடவில்லை. கொட்டில் இலக்கப்படி பெயர் எழுதினேன். ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் வேறு முகாமுக்கு மாறிப் போய்விட்டது.

யோசப் வாஸ் அடிகளார் 1711 சனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். 24 நத்தார்களை இந்த நாட்டில் கழித்தவர் கோவாவை மறுபடி காணவேயில்லை. 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த இரவு பிடிபட்டவர்களின் பெயர்களைச் சொல்லி மெழுகுதிரி ஏற்றுவோர் எத்தனை பேர்?

நத்தாரன்று, அந்நிய நாட்டில் பணி செய்யப் போனவர்களுக்காக மன்றாடுவது வழக்கம். நல்ல வழக்கம். நானும் மன்றாடுகிறேன். கூடவே, அவர்களுக்குக் கதவு திறந்தவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சேர்த்துக்கொள்கிறேன். எங்கோ ஓரிடத்தில் இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும் ஒருவனுக்காகவும்.