காதுக்குள் ஓயாத இரைச்சல்



ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், "எனக்கு ஒன்றும் கேட்கலையே" என்கிறார். பெரியவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இந்தக் காது இரைச்சல் உண்டு. 2022-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வுத் தொகுப்பின் கணக்கு இது. இவர்களில் பலர் டாக்டரிடம் போய்விட்டு, "இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கோங்க" என்ற ஒரே பதிலோடு திரும்பி வருகிறார்கள். சத்தத்தை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்னும் வரவில்லை என்பது உண்மைதான். அதற்காக, காதைச் சோதிக்காமல் 'பழகிக்கோங்க' என்று மட்டும் சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது? உள்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வயதாலோ பேரிரைச்சலாலோ அழிந்தால் இவை மறுபடி முளைப்பதில்லை. காதிலிருந்து வரவேண்டிய தகவல் குறையும்போது, மூளை அதை ஈடுகட்டப் பார்க்கிறது. தூரத்து நிலையம் சரியாகக் கேட்கவில்லை என்று நாம் வானொலியின் ஒலியைக் கூட்டினால், கூடவே இரைச்சலும் கூடுகிறதல்லவா, அப்படி. கேட்கும் நரம்பையே வெட்டி எடுத்த பிறகும் சிலருக்குச் சத்தம் ஓயாததற்கு இதுதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

"எனக்கு மூளை கோளாறா?" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆழ்ந்த அமைதியில் யாருக்கும் கேட்கக்கூடியதுதான் இது.

இனி, சோதனை. பாதி நோயறிதல் கேள்விகளிலேயே முடிந்துவிடும். ஒரு காதிலா, இரண்டிலுமா? நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா? தலைசுற்றல் உண்டா? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? என்ன வேலை? சில நேரம் குரும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும், எடுத்தால் தீர்ந்தது. பட்ஸ் போட்டுக் குடைந்தால் அது இன்னும் உள்ளேதான் போகும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து.

அடுத்தது ஆடியோகிராம். சின்ன அறைக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்து, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இரைச்சல் உள்ளவருக்குக் குழப்பம் இங்கேதான்: கேட்பது கருவியின் ஒலியா, தன் காதின் ஒலியா? அனுபவமுள்ளவர் ஒரே சீரான ஒலிக்குப் பதிலாக, விட்டுவிட்டு ஒலிக்கும் ஒலியைக் கொடுப்பார். விசைத்தறிக் கூடத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு, இந்தச் சோதனையின் வரைபடக் கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாக இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது வழக்கமான வரம்பு. தறிச் சத்தம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வேலை நேரத்தில் காதடைப்பான் கட்டாயம். ஆனால் இரைச்சலுக்குப் பயந்து வீட்டிலும் காதை அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் சத்தம்தான் பெரிதாகத் தெரியும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தால், கேட்கும் நரம்பில் கட்டி இல்லையென்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நாடியோடு துடிக்கும் சத்தம் என்றால் ரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள், சிஸ்பிளாட்டின், அதிக அளவு ஆஸ்பிரின் ஆகியவையும் காதைப் பாதிக்கலாம். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

கேட்கும் திறன் குறைந்திருந்தால், சரியாகப் பொருத்திய காது கருவியே பலருக்கு இரைச்சலையும் தணிக்கிறது. 'ஏழு நாளில் குணம்' என்று விற்கும் சொட்டு மருந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். கிங்கோ என்ற மூலிகை மாத்திரையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டி கூறுகிறது. தூங்கும்போது ஃபேன் சத்தமோ மெல்லிய பாட்டோ ஓடட்டும்; இரைச்சலை மூழ்கடிக்க வேண்டாம், அதைவிடக் கொஞ்சம் தணிவாக இருந்தால் போதும்.

ஆச்சரியமான ஒன்று. ஒருவருடைய இரைச்சலின் அளவைக் கருவியில் ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அவரால் கேட்க முடிந்த மிக மெல்லிய ஒலியைவிடச் சில டெசிபெல்தான் கூடுதலாக இருக்கும். அதே அளவோடு ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார், இன்னொருவர் வேலைக்கே போக முடியாமல் தவிக்கிறார். வித்தியாசம் பயத்திலும் கவனத்திலும் இருக்கிறது. அதனால்தான் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளக் கற்றுத்தரும் உளவியல் பயிற்சி உதவுகிறது, அதற்கு இன்று நல்ல சான்றுகள் உள்ளன. அது சத்தத்தைக் குறைக்காது, அவஸ்தையைக் குறைக்கும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், டெலி மானஸ் என்ற மனநல உதவி சேவையின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

கடைசியாக, அவசரமான ஒன்று. காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று மந்தமாகி, கூடவே இரைச்சலும் கேட்டால், சளி என்று நினைத்து வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.